முனிக்கல்லில் வைத்த கொப்பு

மாமா காணாமல் போன காட்டுப் பாதைக்கு இப்போது எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் முதுகுப் பையோடு வந்து பலகை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். பத்தடி தள்ளியிருக்கும் முனிக்கல்லை யாரும் பார்ப்பதில்லை. ஊருக்குப் போனால் நானும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. என் காரணம் வேறு.

எங்கள் தோட்டத்தில் தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில்தான் அந்தக் கல் இருந்தது. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு தேயிலைக் கொப்பை ஒடித்துக் கல்லின் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் அதை எடுத்து வீசிவிடுவார்கள். பச்சைக் கொப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். தோட்ட ஆபீஸ் கிராணி ஆள் கணக்கு எடுப்பதில் தப்பு வரலாம், முனியிடம் வராது என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாதையில் ஏறி மறுபக்கம் கியா பார்ம் சந்தையில் இறங்குவார். மத்தியானம் எனக்கு ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு திரும்பி வருவார். வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டு, குரங்கு பிடுங்கிக்கொண்டது என்று சத்தியம் செய்து என்னை அழவைப்பார். முனியிடம் கொப்பு வைக்க அவர் ஒருநாளும் மறந்ததில்லை. திரும்பி வந்து எடுக்கத்தான் மறப்பார்.

அந்த ஞாயிறு காலையில் அவருக்கும் அத்தைக்கும் சண்டை. "எங்கயாச்சும் போய்த் தொலைங்க" என்று அத்தை கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இன்னிக்கு மூணு பெட்டி வாங்கியாறேன். ஒண்ணு கூடத் தொட மாட்டேன், போதுமா?" என்றார்.

மறுநாள் முனிக்குப் படையல் என்பதால், மாமா போன கொஞ்ச நேரத்தில் அம்மா துடைப்பத்தைக் கொடுத்து, கல்லைச் சுற்றிக் கூட்டிவிட்டு வரச் சொன்னாள். எனக்கு ஒன்பது வயது. சருகோடு காய்ந்த கொப்புகள் நாலைந்து கிடந்தன, எல்லாம் மாமா எடுக்க மறந்தவை. ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. பச்சை என்று தெரிந்துதான் கூட்டினேன். ஒன்றை விட்டுவைத்தால் கூட்டின மாதிரியே இருக்காது என்று தோன்றியது. அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பொழுது சாய்ந்தும் மாமா வரவில்லை. ஆண்கள் முதலில் கல்லைத்தான் போய்ப் பார்த்தார்கள். இடம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று வந்து சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவன் காட்டுக்குப் போவல லா. முனிகிட்ட சொல்லாம கால வைக்க மாட்டான்" என்றார் கங்காணி. மறுநாள் வந்த போலீஸ்காரரிடமும் அதையே மலாயில் சொன்னார். ஆகவே பிரிஞ்சாங் கடைத்தெருவிலும் கம்போங் ராஜாவிலும் தேடினார்கள். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடைப் பெண் ஒருத்தி அதே வாரம் வேலையை விட்டு நின்றிருந்தாள். லயத்துக்கு அது போதும். இருவருக்கும் முடிச்சுப் போட்டுத் தாய்லாந்து வரைக்கும் அனுப்பிவைத்தார்கள். அத்தை குழாயடிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள்தான் எனக்கு என்னவோ உறுத்தியது. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் கூட்டினப்போ பச்சைக் கொப்பு ஒண்ணு இருந்துச்சும்மா."

அம்மாவின் கை நின்றது. "யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாத. செத்தாலும் சொல்லாத."

அம்மா இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கை கூடக் கழுவாமல் அவள் கல்லுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஒரு கொப்பை ஒடித்துக் கல்லின் முன்னால் வைத்தாள். பிறகு லயத்துக்கு வந்து, கொப்பு இருக்கிறது, நீங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று கூவினாள். எல்லாரும் வந்தார்கள். கங்காணி கொப்பை எடுத்து ஒடித்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். தேயிலையோடே கிடந்து தலை நரைத்த மனிதர்.

"இது இப்பத்தான் ஒடிச்சது, தங்கச்சி. ஒன் மனசு எனக்குப் புரியுது" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். எதிரே அத்தை கைக்குழந்தையோடு நின்றாள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். பொய் பிடிபட்ட வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தது. அம்மா தனியாகப் பாதையில் ஏறிப்போனாள். இருட்டும் நேரத்தில் திரும்பினாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கட்டியிருந்தது, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். மறுநாளும் போனாள். அதற்குப் பிறகு விடாத மழை.

எட்டு மாதம் கழித்து, மலையேற வந்து வழி தவறிய இரண்டு பேர் ஒரு பள்ளத்தில் மாமாவைக் கண்டார்கள். கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்து, தலை நிமிராமல் சொன்னார். கால் முறிந்திருக்கிறது. சட்டையைக் கிழித்து, குச்சி வைத்து அவரே கட்டுப் போட்டிருக்கிறார். பக்கத்தில் மூன்று ஸ்ட்ராபெரிப் பெட்டிகள் இருந்தன, மழைத்தண்ணீர் பிடிக்க வரிசையாக வைத்த மாதிரி.

"பழம்?" என்று கேட்டேன்.

"காலி பெட்டிம்மா."

"அப்ப எனக்கு வாங்கினத எல்லாம் மாமாவே தின்னுட்டாரா?"

அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்று கூடத் தொட மாட்டேன் என்று சொன்னவர்தானே என்று எனக்கு அன்று முழுக்க மாமாமேல் கோபம். மூன்று பெட்டிப் பழத்தைத் தின்று தீர்த்து, காலிப் பெட்டிகளில் தண்ணீர் பிடித்துக் குடிக்க ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் ஆகும் என்று எனக்குக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் அம்மா தன்னையே அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்குத் தலை வாரிவிட்டதில்லை. மறுநாள் காலையில் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் பெரிய பெண்ணாகிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.