குயிதாதோ

இரும்புலியூர் காந்திமதிக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ஒரே ஒரு சொல்தான். தொண்ணூற்று மூன்றில், தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதிக்குத் தோல் பை செய்யும் கம்பெனியில் இருந்தபோது கற்றது. புதிதாக வந்த பிரஸ் மிஷினின் நெற்றியில், மஞ்சள் தகட்டில் அது எழுதியிருந்தது. மிஷினைப் பொருத்திக் கொடுக்க ஸ்பெயினிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பெர்மினிடம் கேட்டாள். அவர் மிஷினின் அழுத்தும் தட்டுக்கு அடியில் கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்து, "குயிதாதோ" என்றார். ஜாக்கிரதை. இன்னொரு நாள் தன் மகளின் போட்டோவைக் காட்டி, பிள்ளை இப்போது அத்தையின் குயிதாதோவில், அதாவது பராமரிப்பில், இருக்கிறாள் என்று சைகையால் விளக்கினார். காந்திமதிக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. நாமும்தான் "பாத்து" என்கிறோம், "பாத்துக்கோ" என்கிறோம்.

பிரஸ் மிஷினை ஓட்டிய கன்னியம்மா அவளுடைய ஓரகத்தி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, குழாயடிச் சண்டை ஒன்றுக்காக மாதக்கணக்கில் பேச்சு வார்த்தை கிடையாது. வீம்பில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பூஜை போட்ட மிஷின் முதல் ஓட்டத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டும், லாரிச் சக்கரத்துக்கு வைக்கிறோமே, அதுபோல. கன்னியம்மா தட்டுக்கு அடியில் வைத்த பழம் உருண்டு உள்ளே போய்விட்டது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். மிஷினுக்குப் பின்னால் பெர்மின் எதையோ முடுக்கிவிட்டு, ஓட்டிப் பார்க்கப் பொத்தானில் விரலை வைத்தார். அங்கிருந்து அவருக்குக் கை தெரியாது. எலுமிச்சம்பழ விவகாரமும் தெரியாது.

இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்றவள் காந்திமதி மட்டும்தான்.

"கன்னி, கைய எடு."

கன்னியம்மா திரும்பவே இல்லை. இவள் கூப்பிட்டால் திரும்புவாளா?

"சார், வேணாம் சார், உள்ள கை கீது."

பெர்மின் சிரித்துத் தலையாட்டினார். பண்டிகை வாழ்த்து என்று நினைத்திருப்பார். விரல் அழுந்தப் போனது.

"குயிதாதோ."

சுட்டுக்கொண்டவர்போல அவர் விரலை எடுத்தார். ஓடி வந்து எட்டிப் பார்த்தவரின் முகம் வெளுத்துவிட்டது.

கன்னியம்மா பழத்தோடு நிமிர்ந்தாள். "இன்னாத்துக்கு இப்டி கத்தற?"

காந்திமதி ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக நீவினாள். அழுகையை அடக்க முடியவில்லை.

"எல்லாரும் பாக்குறாங்கக்கா" என்றாள் கன்னியம்மா. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.