குழந்தைவேல் கைக்குக் கத்தி வந்த விதம்

தலைச்சோலைக் குழந்தைவேலுக்கு வலிப்பு வருவதைப் பற்றி ஊரே கதை கட்டுகிறது. சாமி குற்றமாம், காத்து கருப்பாம். மண்ணாங்கட்டி! மூன்று வருடத்துக்கு முன் எங்கள் காப்பி எஸ்டேட்டில் களை வெட்டும் மெஷினின் பிளேடு கல்லில் பட்டு உடைந்தது. தெறித்த துண்டு அவர் நெற்றியைத் துளைத்து மூளைக்குள் போய்விட்டது. ஹெல்மெட் கேட்டபோதெல்லாம் "அடுத்த மாசம் வரும்" என்று இழுத்தடித்தவர் ஆள் கணக்கு எழுதும் எங்கள் எஸ்டேட் ரைட்டர்.

சேலத்தில் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். நன்றாக நடமாடியவருக்கு ஆபரேஷன் முடிந்த எட்டாம் மாதம் முதல் வலிப்பு வந்தது. மூளைக் காயத்தின் தழும்புதான் காரணம் என்றார் டாக்டர். அவர் மனைவி கண்ணாயி எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து சொன்னாள்: "வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெய்யுங்க. கையில எதையும் குடுத்துராதீங்க." நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம்.

மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார் குழந்தைவேல். மரம் ஏறுவதில்லை, தரையில் நின்று காப்பிச் செடிகளின் வேண்டாத கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வார். அந்த வேலை போனால் வேறு வேலை கொடுக்க ஆளில்லை.

போன மாதம் வேலை நடுவில் விழுந்துவிட்டார். கைகால் இழுத்தது. "இரும்பு குடுங்க, இரும்பு!" என்று ஒரு குரல் கத்தியது. தோட்டத்தில் சாவிக்கு எங்கே போவது? கூட வேலை பார்த்த ரஞ்சித் தன் கவாத்துக் கத்தியையே அவர் விரல்களுக்குள் திணித்து, அமுக்கிப் பிடித்தான். கை உதறிய வேகத்தில் ரஞ்சித்தின் முன்கை கிழிந்தது. ஏழு தையல்.

மறுநாள் குழந்தைவேலையும் கண்ணாயியையும் வரவழைத்து, எங்கள் எல்லோரையும் ஆபீசில் நிறுத்தினார் ரைட்டர். "கத்தியெடுத்து வெட்டறவனை எப்படிம்மா வேலைக்கு வெச்சுக்கறது?" என்று கண்ணாயியைக் கேட்டார்.

"அவரு எடுக்கலீங்க. குடுத்தது யாருன்னு இவங்களைக் கேளுங்க."

ரஞ்சித் தரையைப் பார்த்தான். நாங்களும் தரையைப் பார்த்தோம்.

விழுந்தபிறகு நடந்தது எதுவுமே நினைவில்லாத குழந்தைவேல், ரஞ்சித்தைப் பார்த்துக் கைகூப்பினார். "தெரியாம பண்ணிட்டேன் கண்ணு. மன்னிச்சுரு."

ரைட்டர் ஆள் நோட்டை எடுத்து, குழந்தைவேலின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு ஒண்ணுமே பண்ணலீங்க! கத்தியைத் திணிச்சது ரஞ்சித்து. இரும்பு குடுன்னு கத்துனது நானு!"

"பேரு அடிச்சாச்சு. போய் வேலையப் பாரு," என்றார் ரைட்டர்.

கண்ணாயி என் பக்கம் திரும்பினாள். "அவரு கையெடுத்துக் கும்புடறதுக்கு முந்தி இதைச் சொல்றதுக்கென்ன, சசிரேகா?"