மூணாம் நம்பர் சிஸ்டம்

பாவா போய்விட்டார்.

நேற்றுக் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்... எழுந்திருக்கவே இல்லை.

திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ், பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாரே, அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கேதான் ஆபரேட்டர். ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், பட்டா என்று நம்ம ஊரில் பாதிப் பேர் அந்தக் கடைப் படியை மிதித்தவர்கள்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. மனைவி சரோஜா அக்காவின் தம்பி முனிரத்தினம் நகரியிலிருந்து வரும்போதெல்லாம், அக்கா புருஷனைத் தெலுங்கில் கூப்பிடுகிற மாதிரி "பாவா, பாவா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவர் பாவா ஆகிவிட்டார்.

இப்போது ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் கடையில் இருக்கிறேன். உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்கவும் முடியவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாமல்தான் இதை டைப் அடிக்கிறேன்...

எதிரே மூணாம் நம்பர் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதை பாவா அணைத்து நான் பார்த்ததில்லை. கஸ்டமர் இல்லாத நேரத்தில் அது தன் பாட்டுக்கு ஒரு கணக்குப் போடும். நோய்களை ஆராய்கிறவர்களுக்கான கணக்கு. ஒரே இடத்தில் போட்டு மாளாது என்று அதைத் துண்டு துண்டாக்கி, இஷ்டப்பட்டுக் கேட்கிறவர்களின் கம்ப்யூட்டருக்கு நெட் வழியாக அனுப்புவார்கள். போட்டு முடித்ததும் விடை தானாகத் திரும்பிப் போய்விடும். காசு பைசா கிடையாது.

"இன்னாத்துக்கு பாவா உனக்கு இந்த வேல?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்.

கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரிடம், "மெஷின் சும்மா கெடந்தா துரு புடிச்சுக்கும் சார்." ஆர்.கே.பேட்டை விவசாயி ஒருவரிடம், "உன் கெணத்துல தண்ணி கீது, பக்கத்து கொல்லிக்குக் கொஞ்சம் வுட மாட்டியா? அந்த மாறிதான்."

மனுஷன் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "சுமதி, எவ்ளோ முடிஞ்சிது?" என்பார். இப்போதுதானே கேட்டீர்கள் என்றால், "ஆங், ஆங்" என்பார். டீக்கடை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு ஆயுத பூஜை. அன்றைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுக்க வேண்டும் அல்லவா? பாவா மூணாம் நம்பரை மட்டும் நிறுத்த விடவில்லை. ஓடுகிறதற்கே பொட்டு வைத்தோம். அக்கா பாசமாக, இருப்பதிலேயே தடியான சாமந்தி மாலையாகப் பார்த்து அந்த சிபியூவைச் சுற்றிப் போட்டுவிட்டார். பின்பக்கம் ஃபேன் ஓட்டை மொத்தமும் அடைத்துக்கொண்டது. நாங்கள் பொரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உஸ்ஸென்று இரைந்து, சூடாகி, அதுவே ஆஃப் ஆகிவிட்டது.

"பூவ எடு! அதுக்கு மூச்சு முட்டுது பாரு!"

பாவா கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அக்கா அப்படியே நின்றார். கை நடுங்கியது. அதைப் பார்த்ததும் பாவா அடங்கிப்போனார்.

அந்தக் கை பயத்தில் நடுங்கவில்லை. அது முன்பே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கடைக்குப் பின்னாலேயே இருக்கிற வீட்டிலிருந்து அக்கா டீ கொண்டுவந்தால் பாதி தரையில் சிந்தும். ஒரு நாள் பாவா, "எனக்கு இனிமே அர டம்ளர் போதும், வயித்துக்கு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டார். அரை டம்ளர் சிந்தாது. அக்கா உள்ளே போனதும் டீக்கடைக்குப் போய் ஒரு முழு டீ குடித்துவிட்டு வருவார், திருடன்!

அக்கா ஏதோ கல்யாணத்துக்கு நகரி போயிருந்தபோதுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

"அவ நடுக்கத்துக்கு மருந்து கீது சுமதி. கொறையுமாம், முழுசா நிக்காதாம். ஏன் வருதுன்னே இன்னும் சரியா புரியலன்றாரு டாக்டரு. எவனோ ஒக்காந்து கணக்கு போட்டுகினுகீறான். எனக்கு அந்தக் கணக்கு வராது. சும்மா ஒக்காந்து அவ கையப் பாத்துகினு இருக்கவும் முடியல. அதான் மெஷினக் குடுத்தேன். அவகிட்ட சொல்லிடாத, இன்னா? தன்னாலதான் இந்த மனுஷன் இப்டி அலையறான்னு நெனச்சிப்பா."

சொல்லவில்லை பாவா. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

நேற்று பாவாவைக் கடையிலேயே கிடத்த ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. பிளக் பாயிண்ட் தேடிய முனிரத்தினம், மூணாம் நம்பர் வயரில் கை வைத்தான்.

தலையில் அடித்துக்கொண்டு அழுத அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "டேய், அத்தப் புடுங்காத. ஜெராக்ஸ் வயர எடு."

"இன்னாக்கா, இந்த நேரத்துல போயி..."

"எடுன்னா எடுடா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கேட்கிற நேரமா அது...

இன்று பாவாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கடையைக் கழுவிவிட்டு, யாரோ அவர் போட்டோவைக் கொண்டுவந்து மூணாம் நம்பர் சிபியூ மேலேயே வைத்தார்கள். பெரிய ரோஜா மாலை. விளக்கு.

கொஞ்ச நேரம் முன்னால் அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். போட்டோவைப் பார்த்தார். குனிந்து பின்பக்கம் பார்த்தார். மாலையைப் பிடித்தார்... கை நிற்கவில்லை. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அவரே மெதுவாக, ஃபேன் ஓட்டையை விட்டு மாலையை நகர்த்தி வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஆங். என் கையப் பாப்பாரு, ஓடிப் போயி அந்தப் பொட்டியப் பாப்பாரு. தெரியாமப் பூடுமா? அவரு சொல்லல, நானும் கேக்கல."

அப்புறம் ஸ்க்ரீனைக் காட்டிக் கேட்டார்.

"எவ்ளோ முடிஞ்சிது சுமதி?"

பார்த்துச் சொன்னேன்.

பாவா, பூவை நகர்த்தி வைத்தாயிற்று. நீங்க போயிட்டு வாங்க.