திங்கட்கிழமை முதல் பஸ்

போன வாரம் ஸ்கூட்டர் பஞ்சராகி, போளூரில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஒட்டுப் போடுவதற்காகப் பழைய லாரி ட்யூப் ஒன்றைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. எழுந்துபோய்த் தள்ளி நின்றுகொண்டேன். ரப்பருக்கெல்லாம் ஒரு மனுஷன் பயப்படுவானா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அது வேடியப்பனின் வாடை.

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலைக்குப் போய்வரும் பஸ்ஸில் கண்டக்டர். புதுத் தோல்பை, புது விசில். வாயால் விசிலடிக்க வராது என்பதால் அந்த உலோக விசிலை ராணுவத் தளபதி மாதிரி ஊதுவேன். யாரும் மதித்ததில்லை. பஸ் முழுக்கப் பலாப்பழம், புளி, தேன், ஆட்டுக்குட்டி என்று எல்லா வாசனையும் கலந்திருக்கும். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மட்டும் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

மலைக் கிராமத்துப் பையன்கள் சிலர் கீழே போளூரில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். வெள்ளி மாலை ஊருக்குப் போவார்கள், திங்கள் காலை திரும்புவார்கள். மதுவிலக்கு இருந்த காலம். மேலே காய்ச்சிய சாராயத்தை ட்யூபில் ஊற்றி, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலீஸ் தடவிப் பார்க்காது. எங்கள் டிரைவர் கோவிந்தண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொல்வார்: "மேல போறப்ப எலும்பும் தோலுமா போறானுங்க. கீழ வர்றப்ப பாரு, அத்தினி பேரும் புள்ளத்தாச்சி."

அவர்களை ஏவியவன் செல்வம். பத்தாவது பெயிலாகி, பஸ் நிலையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். பையன்களுக்குப் பரோட்டா வாங்கித் தருவான், சினிமாவுக்குக் கூட்டிப்போவான். வேடியப்பன் அந்தக் கூட்டத்தில் சின்னவன், ஒன்பதாவது. படியில் தொங்கமாட்டான். பாட்டிகளுக்கு மூட்டை இறக்கிக் கொடுப்பான். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்குடா இந்த வேல? வுட்டுடேன்."

"வுட்டா யார் கூட சாப்புடறதுண்ணா? கிளாஸ்ல நான் பேசறதப் பாத்து மலையாளு மலையாளுன்னு சிரிக்கிறாங்க. இவங்கதான் கூட உக்கார வுடறாங்க."

அவனுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எழுந்துபோனேன்.

ஒரு திங்கட்கிழமை, கொண்டை ஊசி வளைவில் பஸ் தூக்கிப் போட்டது. சீட்டில் துருத்திக்கொண்டிருந்த தகரத்தில் வேடியப்பன் போய் மோதினான். ட்யூப் கிழிந்தது. சாராயம் அவன் சட்டை, கால்சட்டை, புத்தகப்பை எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு பஸ் முழுக்க ஓடியது. ரப்பரும் சாராயமும் கலந்த நாற்றம். ஜனங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கூட வந்த பையன்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் நனைந்த பையைக் கட்டிக்கொண்டு அழுதான்.

போளூரில் குழாயடியில் குளிக்கவைத்து, என் பழைய காக்கிச் சட்டையை மாட்டிவிட்டு, நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். புத்தகப்பையின் நாற்றத்தில் வாசலிலேயே ஆசிரியர் முகம் சுளித்தார்.

"காலைலயே குடிச்சிட்டு வந்துகிறான். கண்டக்டர் வேற சிபாரிசா?"

"குடிக்கல சார். மேல கொட்டிக்கிச்சு. வாய ஊதச் சொல்லிப் பாருங்க."

"சாராயம் இன்னா மழையா, மேல கொட்டறதுக்கு? அப்பன இட்டுக்கினு வரச் சொல்லு."

அப்பன் வரவில்லை. காய்ச்சியவரே அவர்தான், எப்படி வருவார்? பள்ளியிலிருந்து பெயர் போயிற்று, பெயரோடு விடுதியும் போயிற்று. அதுவரை ஒரு சொட்டு வாயில் வைத்திராத பையன், குடித்ததற்காக வெளியே நின்றான். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுச் செல்வத்தின் கடையிலேயே தங்கிவிட்டான். பொங்கலுக்குள் நிஜமாகவே குடித்தான். பிறகு கஞ்சா பீடி. என்னைக் கண்டால் சந்தில் ஒதுங்குவான். அந்தச் சிவந்த கண்களை நானும் பார்க்காத மாதிரி போய்விடுவேன். இப்படி ஒதுங்கி ஒதுங்கியே எங்கள் இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது.

கோடையில் ஒருநாள், நல்ல வெயிலில், ஏதோ காசுத் தகராறில், எல்லார் எதிரிலும் செல்வம் அவனைச் செருப்பால் அடித்தான். வேடியப்பன் பக்கத்துக் கடையிலிருந்து சோடா பாட்டிலை எடுத்து வீசினான். செல்வத்துக்கு ஒரு கண் போயிற்று. இவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அவன் அம்மா பெயர் காளியம்மா. அந்தப் பள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. என் ஓய்வுநாளில் கூட்டிப்போனேன். சாமைச் சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். வெளிச் சோறு கூடாது என்று காவலர் சொல்லிவிட்டார். வேடியப்பன் மொட்டையடித்து, தெளிந்த கண்ணோடு வந்து நின்றான்.

"எடுத்துக்கினு போம்மா. இங்க மூணு வேளையும் போடறாங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்புடறோம்."

சந்தோஷமாகத்தான் சொன்னான். திரும்பி வருகிற வழியெல்லாம் காளியம்மா மடியில் அந்தச் சோற்றுமூட்டை இருந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

விடுதலையாகி ஒருநாள் என் பஸ்ஸில் ஏறினான். மீசை முளைத்திருந்தது. "வூட்டுக்குப் போறேண்ணா" என்றான். அதற்குள் அப்பன் செத்து, காளியம்மா குடகுப் பக்கம் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு அது தெரியாது. மேலே போய்விட்டு, மாலை அதே பஸ்ஸில் இறங்கி வந்தான். கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தான். நான் டிக்கெட் கேட்கவில்லை. போளூரில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. பெங்களூரில் கட்டட வேலையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ரயிலில் அடிபட்டான் என்று இன்னொருவர். இரண்டையும் விசாரிக்கப் போகிற தெம்பு எனக்கு இருக்கவில்லை.

கோவிந்தண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். செல்வத்தின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் பஸ்ஸை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள்.

அந்த பஸ் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருடத்தில் காளியம்மா தோட்டத்திலிருந்து திரும்பி வந்தாள். தலை நரைத்திருந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எம்புள்ள வந்தானாமே நைனா. நீ பாத்தியா?"

"பாத்தேம்மா. வூட்டுக்குத்தான் வந்தான்."

எங்கே போனான் என்று கேட்பாள் என்று பயந்துகொண்டு நின்றேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"எம்மாம் ஒசரம் இருந்தான்?"

பஸ்ஸின் மேல் கம்பியைத் தொட்டுக் காட்டினேன். காளியம்மா அண்ணாந்து பார்த்தாள். ஊர் வந்து இறங்கும்வரை அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.