கம்பளியில் சுற்றிய படம்

டக்.

விடுதிப் பெண்கள் காலையில் அலமாரிக் கதவுகளை அடித்துச் சாத்திவிட்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள். தகரத்தைத் தகரம் கவ்வும் அந்தச் சத்தம் அறை அறையாக வந்து என் வாசலில் நிற்கிறது. கையில் டீ டம்ளரோடு நான் அண்ணாந்து பார்க்கிறேன். இரும்பு பீரோவின் மேலே, கம்பளியில் சுற்றிய படம் ஒன்று எனக்கு லீவு கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது. அது அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கிறேன். அந்தச் சத்தம் கேட்டால் தலை தானாக மேலே போகிறது. கூடவே நனைந்த கம்பளியின் வாசனையும் வந்துவிடுகிறது: புகை, மழை, தேயிலைத் தூள்.

விமானத்தில் இருக்கைகளுக்கு மேலே சாமான் வைக்கும் பெட்டிகள் உண்டல்லவா, அவற்றின் மூடியும் இப்படித்தான் சாத்திக்கொள்ளும்.

அம்மாவைத் தில்லியில் விட்டுவரப் போன பயணம் அது. சித்திரபுரத்துக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள் அம்மா. ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நான் விடுதிக் காப்பாளர்; எனக்கென்று இருப்பது ஓர் அறை, ஒரு கட்டில், விருந்தாளிகள் தங்கக் கூடாது என்ற விதி. தம்பி தில்லியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. இப்படித்தான் முடிவாயிற்று. முடிவு என்று யாரும் எதையும் எடுத்ததாகக்கூட நினைவில்லை. மழைத்தண்ணீர் பள்ளம் பார்த்துப் போவதுபோல அவள் மலையிலிருந்து இறங்கினாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. திருஇருதய ஆண்டவர் படம் கூடவே வர வேண்டும், கையோடு வர வேண்டும்.

எங்கள் லயங்களில் வீடு மாறும்போது முதலில் உள்ளே போவது அந்தப் படம்தான். வீட்டுக்காரி அதைத் தலையில் வைத்துத் தூக்கிப் போவாள். ஆணி அடித்து, படம் மாட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு செபம் சொன்ன பிறகுதான் மற்ற சாமான்கள் வாசல் தாண்டும். அதுவரை அங்கே யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். படத்தைத் தரையில் வைக்கக் கூடாது. கண்ணாடி விரிசல் விட்ட படத்தோடு குடிபோகவும் கூடாது. கண்ணாடியை மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். யார் வகுத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பங்குச் சாமியாரைக் கேட்டால் சிரிப்பார்.

சட்டத்தைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“ஆண்டவரச் சுருட்டிக் கக்கத்துல வச்சிட்டுப் போவ, அவரு என்ன கோரப்பாயா?” என்றாள்.

எஸ்டேட்டில் கொடுத்த கம்பளி ஒன்றில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினாள். அடிமாலியில் வண்டி மாறும்போது நல்ல மழை. தன் தலையை மறந்து படத்துக்குக் குடை பிடித்தாள்; அப்படியும் கம்பளியின் ஓரம் நனைந்துவிட்டது. கொச்சி விமான நிலையத்தில் பரிசோதனை இயந்திரத்துக்குள் படம் நுழைந்தபோது ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். அது முழுசாக மறுபக்கம் வந்ததும் இன்னொன்று.

ஏறும் நேரம் வந்தது. அறிவிப்பு முடியும் முன்பே ஜனம் எழுந்து நின்றுவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சக்கரப் பெட்டி, முதுகில் ஒரு பை, அதற்கு மேல் ஒரு காகிதப் பை. நான் எழப்போனேன். அம்மா என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேர் கூப்பிடும்வரை சுமையோடு உட்கார்ந்தே இருந்தவள் அவள். இங்கேயும் பேர் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். கூப்பிட மாட்டார்கள் என்றேன். அப்புறம் என்ன, சீட்டில் நம்பர் போட்டிருக்கிறதே, அதை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வரிசை கரைந்து தீரும்வரை, மடியில் படத்தோடு அவளும் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தோம்.

இருக்கைக்கு எண் உண்டு. இருக்கைக்கு மேலே உள்ள இடத்துக்கு எண் கிடையாது. உள்ளே போனபோதுதான் அது தெரிந்தது.

சாமான் வைக்கும் அந்தப் பெட்டிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. சில மூடியும், சில வயிறு துருத்தி மூட முடியாமலும். எங்கள் தலைக்கு மேலே மூன்று சக்கரப் பெட்டிகள். மிச்ச இடத்தில் ஒரு கோட்டு மட்டும், படுத்துத் தூங்கும் ஆளைப்போலக் கையை விரித்துக் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளினால் படம் நிற்கும். நான் கையை நீட்டினேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“ஏட்டி, அடுத்தவ சொமையில கை வைக்காத.”

நிறுக்கும் இடத்தில் ஒருத்தி இறக்கி வைத்த சாக்கை இன்னொருத்தி தொட மாட்டாள். காலில் இடறினாலும் சுற்றித்தான் போவாள். தொட்டால் கொழுந்து களவு போனது என்று பேச்சு வரும். வந்த பேச்சு சாகும்வரை போகாது. அம்மா அந்த ஒழுங்கைக் கையிலேயே வைத்திருந்தாள். என் மணிக்கட்டில் அதன் பிடி இன்னும் இருக்கிறது.

கோட்டுக்காரரை விசாரித்தேன். முன்வரிசை. காதிலிருந்த கருவியைக் கழற்றி மரியாதையாகவே பதில் சொன்னார். தங்கையின் கல்யாண வரவேற்புக்குப் போட வேண்டிய கோட்டாம், இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகிறாராம், கசங்கக் கூடாதாம். அவரிடமும் கோபப்பட முடியவில்லை. அவரவர்க்கு அவரவர் படம்.

அதற்குள் பணிப்பெண் வந்துவிட்டாள். முன்னிருக்கைக்கு அடியில் வையுங்கள் என்று காட்டினாள். அது எங்கள் கால் வைக்கும் இடம். அல்லது கொடுங்கள், அடியில் சாமான் அறைக்கு அனுப்பிவிடுகிறோம் என்றாள். மடியில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அதையெல்லாம் நான் தணிந்த குரலில் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா பணிப்பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் எறங்கிக்கிடுதேன்.”

எங்கே இறங்குவது? லயத்து வீட்டில் அதற்குள் வேறொரு குடும்பம் வந்து ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டுவிட்டது. கிளம்பும் நாளில் கீழ்ப்பாதையிலிருந்து நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம். என் விடுதியின் விதியும் அவளுக்குத் தெரியும். விமானத்தை விட்டு இறங்கினால் அவளுக்கு ஊரில் கால் வைக்க ஒரு வாசல்கூட இல்லை. தெரிந்தே சொன்னாள். சொல்லிவிட்டு எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. உட்கார்ந்ததும் நான் மாட்டிவிட்ட பெல்ட்டை அவளுக்குக் கழற்றத் தெரியவில்லை. ஒரு கையால் படத்தை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அதை இழுத்தாள். இழுக்க இழுக்க அது இறுகியது.

நான் கழற்றிவிடவில்லை. இன்றுவரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பச்சைக் கறை போகாத அந்த விரல்களை.

பணிப்பெண் பொறுமையான பெண்தான். கடைசி வரிசைக்குப் போய்த் தேடிவிட்டு வந்து, அங்கே ஓர் இடுக்கு இருக்கிறது என்றாள். அம்மா வெகுநேரம் யோசித்துப் படத்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள், பாயைப்போல. அம்மா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

டக்.

பறந்த நேரம் முழுக்க அம்மா கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்திருந்தாள். ஜன்னலில் மேகம் வந்தது, சூரியன் வந்தது. முதல்முறை பறப்பவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். தலையாட்டி மறுத்தாள். படம் மாட்டாமல் எப்படிக் குடிப்பாள்.

தில்லியில் சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ஓடி நிற்பதற்குள்ளேயே மூடிகள் திறக்கத் தொடங்கின. நடைவழி நிரம்பிவிட்டது. எல்லோரும் முன்னே பார்த்து நின்றார்கள். நாங்கள் இருவர் மட்டும் பின்னால் போக வேண்டியவர்கள். மன்னிக்கணும், கொஞ்சம் வழி என்று எனக்குத் தெரிந்த மொழிகளில் எல்லாம் கேட்டேன். அந்த நெரிசலில் யார் யாருக்கு வழி விட முடியும்? பின்னாலிருந்து கனமான பெட்டி ஒன்றை யாரோ இழுப்பதும், இழுத்த வேகத்தில் ஏதோ ஒன்று சரிவதும் கேட்டது. அம்மா என் தோளைப் பற்றினாள்.

கூட்டம் வடிந்தபின் போனோம். கம்பளி மூட்டை குப்புறக் கிடந்தது. எடுத்தேன். உள்ளே கண்ணாடி சரக்கென்று நகர்ந்தது. அம்மா வாங்கிக் கம்பளிமேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. கயிற்றை அவிழ்க்கவில்லை. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தம்பி வெளியே காத்திருந்தான். அவன் மனைவி ரோஜா மாலை வாங்கி வந்திருந்தாள், படத்துக்காக. ஆணி அடித்து வைத்துவிட்டேன் அம்மா, கிழக்குச் சுவரில், நீ சொன்ன உயரத்தில் என்றான். குரலில் சின்னப் பையனின் பெருமை. அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். நான் அன்றைக்கே திரும்பும் விமானத்தைப் பிடிக்க வேண்டும். விடுதியில் மாற்றுக்கு ஆள் இல்லை. என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்ல நின்றேன்.

அம்மா கம்பளி மூட்டையை என் கைகளில் வைத்தாள். தம்பி விழித்தான். கண்ணாடி என்றேன் நான். அது போதுமாக இருந்தது. இங்கேயே கடை இருக்கிறது, இப்பவே மாற்றிவிடலாம் என்று அவன் ஆரம்பித்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கம்பளியின் ஈர ஓரத்தை என் புஜத்தோடு சேர்த்து ஒருமுறை அழுத்தினாள்.

“கண்ணாடி மாத்தி நீயே தூக்கிட்டு வா, ஏட்டி. அதுவரைக்கும் நான் இங்கன விருந்தாடிதான்.”