விசிலடித்தவன் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஓர் அடிதடி நடக்க இருந்தது. காரணம்... ஒரு குருவி.

ரெஜினா என்று ஒரு பெண். நாகர்கோவில்காரர். வானொலியில் காட்டு உயிர்களைப் பற்றிப் பேசுவார். பள்ளிக்கூடங்களில் ஸ்லைடு போட்டுக் காட்டுவார். கொஞ்ச நாளாகத் தென்காசியில் எங்கள் தெருவுக்கு வந்து போகிறார். பீடி சுற்றும் பெண்களை மலைக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்ட வேண்டுமாம்.

தெரு நம்புமா? குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறார் என்றது ஒரு வீடு. யூனியன் கட்ட வந்திருக்கிறார் என்றது இன்னொரு வீடு. எனக்கும் சந்தேகம்தான். நேராகவே கேட்டுவிட்டேன்.

"பறவை பாக்கப் போனா தொப்பி வச்ச ஆம்பளைங்கதான் நிப்பாங்கக்கா. ரிட்டயர்டு ஆபீசர், எஸ்டேட் மேனேஜர்... எல்லாம் இங்கிலீஷ். நான் ஒருத்திதான் பொம்பள. எத்தன வருசம் ஒத்தையில நிக்கது?"

இவ்வளவுதான் காரணமா? நம்பாமல், காவலுக்குப் போவதுபோல நானும் கிளம்பினேன்.

எதிர்வீட்டுச் செல்லம்மாளும் வந்தாள். பகல் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் மாடசாமிக்குத் தெருமுனையில் சைக்கிள் கடை. சினிமாவுக்கே தனியாக அனுப்பாத மனிதர், கேட்டவுடன் "போயிட்டு வா" என்றாராம். அதுவே எனக்கு இடித்தது.

செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதை. நல்ல சாரல். ஐந்து பெண்கள், ஒரே பைனாகுலர் — முறை வைத்துப் பார்த்தோம். செல்லம்மாள் முறை வந்தபோது ஓடைப் பக்கம் ஒரு விசில். வேலைவெட்டி இல்லாத இளவட்டம் அடிப்பதுபோல, இழுத்து, குழைத்து... மறுபடியும்.

பாறைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் பாய்ந்து வந்தார். மாடசாமியேதான். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் கல். எங்கள் பஸ்சுக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்திருக்கிறார்.

"எவம்லே அது, பொம்பளையளப் பாத்து விசிலடிக்கது? ஏட்டி, இதுக்குத்தான் இங்கன வந்தியா?"

முடிந்தது கதை, இனி இவள் வாசற்படி தாண்ட முடியாது என்று நினைத்தேன்.

ரெஜினா மெல்லச் சொன்னார்: "சத்தம் போடாதீங்க அண்ணாச்சி, பறந்துரும்."

"எது பறந்துரும்?"

செல்லம்மாள் பைனாகுலரை இறக்காமலே சொன்னாள்:

"விசிலடிச்சவன் அந்தா இருக்கான். கல்லக் கீழ போட்டுட்டு வந்து பாருங்க."

மாடசாமி வாங்கிப் பார்த்தார். ஓடை நடுவே ஈரப் பாறையில் கருநீலமாய் ஒரு குருவி. அலகைத் திறந்தது... அதே விசில். மாடசாமியின் கையிலிருந்து கல் நழுவியது. பைனாகுலர் மட்டும் கண்ணைவிட்டு இறங்கவே இல்லை.

"குடுங்க இங்கன. அடுத்தது மைனி முறை" என்று அதைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள் செல்லம்மாள். அவள் புருஷன் கையிலிருந்து எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது மாடசாமி ரெஜினாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அடுத்த வாரம் எங்கன போறீய? நானும் வரலாமா?"

பறவையைப் பார்க்கவா, பெண்டாட்டியைப் பார்க்கவா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.