கர்ச்சீப் போட்ட இடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போவதற்கு அது சமாதானம் ஆகாது என்றாலும். எழுபதுகளின் நடுவில் மீஞ்சூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்துகொண்டு, தினமும் காலை பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போய்வந்தேன். அந்த வண்டி என் கோபத்துக்கு நாள் தவறாமல் தீனி போட்டது.

கரி எஞ்சின். வெள்ளைச் சட்டையோடு ஏறினால் புள்ளி விழுந்த சட்டையோடுதான் இறங்க வேண்டும். கண்ணில் கரித்தூள் விழுகிறதே என்று ஜன்னல் கதவை இறக்கினால் உள்ளே மூச்சு முட்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அனுப்பம்பட்டில் பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுவதற்காக எங்களை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் போகும். நாங்கள் போக மாட்டோம். ஒரு கூட்ஸ் போகும். அதற்கப்புறமும் கைகாட்டி இறங்காது. சிலர் இறங்கி வரப்போரம் ஒதுங்கிவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பி வந்து ஏறுவார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். என்னமோ நான் பல்லைக் கடித்தால் கைகாட்டி இறங்கிவிடும் என்பது போல.

கடிகாரம் பார்ப்பதுதான் என் வேலையும். ஓர் இரும்புக் கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. சங்கு ஊதிப் பத்து நிமிஷத்தில் கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் வருகிறவர்கள் என் மேஜையைத் தாண்டி, தாமதம் என்று பதிவாகித்தான் உள்ளே போக முடியும். டெம்பரரி ஆளுக்கு ஒரே மாசத்தில் மூன்று தாமதம் விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து வர வேண்டாம்.

வண்டியே தாமதம் என்றால் அது கணக்கில் வராது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மாஸ்டர், வண்டி இத்தனை நிமிஷம் தாமதம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஆனால் வீட்டில் தூங்கிவிட்டு லாரியில் தொத்திக்கொண்டு வந்தவர்களும் அந்தச் சீட்டின் பெயரைச் சொல்லி நுழைய ஆரம்பித்தார்கள். அதனால் மேனேஜர் ஓர் ஏற்பாடு செய்தார். வண்டியில் உண்மையாகவே வந்தவர்கள் யார் யார் என்று சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதித் தர வேண்டும். நானும் அதே வண்டிதானே, எல்லா முகமும் எனக்குத் தெரியும்.

வண்டி நின்றதும் அவர்கள் எல்லாம் கம்பெனியை நோக்கி ஓடுவார்கள். ஓடிக்கொண்டே, "சார், நம்ம பேரப் போட்டுக்கோ" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். நான் நின்று சீட்டு வாங்கி, பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு போவேன். என்ன எழுதினேன் என்று ஒருத்தரும் ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் எங்கள் கம்பெனி வார்ப்புப் பட்டறையில் டெம்பரரியாக இருந்த ஒருவர் அத்திப்பட்டிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். மனசுக்குள் நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் 'அவர்' என்று எழுத வருகிறது. பரம்பரையாக வயல்கூலிக்குப் போன குடும்பம், கம்பெனிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அடுத்த மாசம் அவர் பெயர் நிரந்தரப் பட்டியலில் வரப்போகிறது என்பது அந்தப் பெட்டிக்கே தெரியும். "பர்மனென்ட் ஆவட்டும், பெட்டி மொத்தத்துக்கும் நாஷ்டா என்து" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். ஊரில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மனைவியை அன்றோடு நிறுத்திவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

இனி கர்ச்சீப் விஷயம். மீஞ்சூரில் சிலர் இறங்குவதால் பெட்டிக்கு நாலைந்து இடம் காலியாகும். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே, கூடவே ஓடி, ஜன்னல் கம்பி வழியாகக் கர்ச்சீப்பைக் காலி இடத்தில் போட்டுவிட வேண்டும். போட்டவனுக்கு இடம். யார் போட்ட சட்டமோ, மீஞ்சூர்க்காரர்கள் நாங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். முந்தின ஸ்டேஷன்களில் ஏறி உள்ளே நின்றுகொண்டே வருகிறவர்கள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது நியாயமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு ஒரு ஜன்னலோரத்தில் என் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு உள்ளே போய்ப் பார்த்தால், அந்த இடத்தில் வார்ப்புப் பட்டறைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருய்யா. கர்ச்சீப் போட்டிருக்கேன், கண்ணு தெரியலையா?" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. "அத்திப்பட்டுலேந்து நின்னுகினே வரேன் சார். ராத்திரிப் பூரா புள்ளைக்கு ஜொரம், கண்ண மூடல. கர்ச்சீப்பு குந்திக்கினு வரும், மனுசன் நின்னுகினு வரணுமா?" என்றார்.

பெட்டி கொல்லென்று சிரித்தது. அவர் கர்ச்சீப்பை எடுத்து, நாலாய் மடித்து, என்னிடம் நீட்டினார். "இந்தா சார், கசங்கல."

மறுபடியும் சிரிப்பு. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. டைம் ஆபீஸ் ஆள் நான். திருவள்ளூரில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பிள்ளை. என்னைப் பார்த்து ஒரு டெம்பரரி ஆள் இப்படிப் பேசுவதாவது, அதற்கு இவர்கள் சிரிப்பதாவது. இதெல்லாம் அப்போது என் மனசில் ஓடியது, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்கிறேன். ஓடியிருக்கக் கூடாது. ஓடியது.

வண்டி அனுப்பம்பட்டில் நின்றது. எக்ஸ்பிரஸ் போயிற்று. கூட்ஸ் போயிற்று. கவரைப்பேட்டைக்கு முன்னால் மறுபடி நின்றது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம். அத்தனை நேரமும் நான் அவருக்கு எதிரிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வேறு பக்கம் நகர்ந்திருக்கலாம், நகரவில்லை. கோபத்தைக் கிளறிக் கிளறி விட்டுக்கொண்டே வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் எல்லாரும் குதித்து ஓடினார்கள். அவரும் ஓடினார். ஓடுகிறபோது திரும்பிப் பார்த்து, "சார், நம்ம பேரு" என்று கையை உயர்த்திக் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன்.

சீட்டை வாங்கி, பிளாட்பாரத்துப் பெஞ்சில் வைத்துப் பெயர்களை எழுதினேன். அவர் பெயர் வருகிற இடத்தில் பேனா நின்றது. அந்த மாசத்தில் அவருக்கு ஏற்கெனவே இரண்டு தாமதம் விழுந்திருந்தது. அது ஞாபகம் இல்லை என்று சொன்னால் புளுகு, என் கையால் எழுதியதுதானே. ஒரு நாள் அலையட்டும், என்னிடம் வந்து நிற்கட்டும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயரை எழுதினேன்.

என்னிடம் வந்து நிற்பதற்குள் சீட்டு மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது. பத்தரை மணிக்கு அவரைக் கூப்பிட்டு விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் அறைக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார், கையெல்லாம் வார்ப்பு மண். "பேரு உட்டுப் பூட்சாம் சார். நீ சொல்லிடு சார், நீதான் பாத்தியே" என்றார். காலையில் நடந்ததன் சுவடுகூட அந்த முகத்தில் இல்லை. நான் உள்ளே போனேன்.

"இவன் அந்த வண்டியில வந்தானா?" என்று மேனேஜர் கேட்டார்.

வந்தார் சார், பெயரை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் எப்படி விட்டுப்போயிற்று, இவ்வளவு அசட்டையா என்று கேட்பாரே என்று பயம் வந்துவிட்டது. அதுவரைக்கும் இருந்த கோபம் அந்த அறைக்குள் இல்லவே இல்லை. கோபத்தில் சொன்னேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. வெறும் பயத்தில் சொன்னேன்.

"கூட்டத்துல நான் கவனிக்கல சார்."

மேனேஜர் தலையை ஆட்டினார். "கூட வர்ற ஆளுங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் சாட்சி சொல்லுவாங்க. நீங்க கோயில் குடும்பம், உங்க வார்த்தை போதும்" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

வெளியே வந்தபோது அவர் என் முகத்தையே பார்த்தார். "இன்னா சார் சொன்னாரு?"

"பாக்கறேன்னார்" என்றேன்.

மத்தியானம் பெயரை அடித்துவிட்டார்கள்.

சாயங்கால வண்டிக்கு நான் வேண்டுமென்றே பின்தங்கிப் போனேன். எல்லாரும் ஏறிய பிறகு வேறு பெட்டியில் தொத்திக்கொள்ளலாம் என்று எண்ணம். நான் வருவதைப் பார்த்துவிட்டு ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. "சார், இங்க வா சார்." அவர்தான். இறங்கி வந்து என் பையை வாங்கிக்கொண்டு போனார். ஜன்னலோரத்தில் அவருடைய துண்டு விரித்திருந்தது.

"உனக்குத்தான் போட்டு வெச்சிருக்கேன். குந்து சார்."

"வேண்டாம், நான் நிக்கறேன்."

"அட, குந்து சார். காலீல அத்தினி பேரு முன்னால உன்னியக் கிண்டல் பண்ட்டேன். வேற ஒர்த்தனா இருந்தா இந்த நேரத்துல பழி வாங்கியிருப்பான். நீ அத மனசுல வெச்சிக்காம எனக்கோசரம் உள்ள போயி பேசினியே. அந்த ஆளு கேக்கல, அதுக்கு நீ இன்னா பண்ணுவ." அப்புறம் பெட்டியைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார். "நான்தான் இனிமே வரப் போறதில்ல. இந்த எடத்த சாருக்கு உட்ருங்கபா."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். உட்கார்ந்தேன். அவர் எனக்கு எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மீஞ்சூர் வரை நின்றுகொண்டே வந்தார். பிள்ளைக்கு ஜுரம் இறங்கியிருக்குமா என்று பக்கத்திலிருந்தவரிடம் பேசிக்கொண்டு வந்தார். நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரித்தூள் விழுந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்று இரவெல்லாம் தீர்மானம் செய்தேன். காலையில், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆயிற்று. அடுத்த வாரம் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள், இனிமேல் சொல்லி என்ன பிரயோஜனம் என்று ஆயிற்று. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

பெட்டிக்காரர்கள் அவர் சொன்னதை மறக்கவில்லை. மீஞ்சூரில் நான் ஏறும்போது அந்த ஜன்னலோரத்தில் யாராவது துண்டு போட்டு வைத்திருப்பார்கள். எனக்கு அப்புறம் கர்ச்சீப் போட வேண்டிய வேலையே இல்லை. நிற்கிறேன் என்று சொன்னால் விட மாட்டார்கள். "அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு, உக்காருங்க சார்" என்பார்கள். சாயங்கால வண்டியிலும் அப்படித்தான். பட்டறையில் இரவு வேலை முடித்து, மறுநாள் சாயங்காலம்வரை ஓவர்டைமும் பார்த்தவர்கள்கூடக் களைத்த காலோடு என் எதிரில் நின்றார்கள். அந்தக் கம்பெனியில் இருந்த மீதி ஆறு வருஷமும் நான் உட்கார்ந்துகொண்டேதான் போய்வந்தேன்.

அவரை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். நாலு வருஷம் ஆகியிருக்கும். பொன்னேரியில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் இரண்டு பேர் அரிசி மூட்டைகளைச் சரக்கு ஏற்றும் பிரேக் வேனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் அவர். தலைமுடி பாதி வெளுத்திருந்தது. பின்னால் சற்றுத் தள்ளி, அரிசி மில்லின் உமிக் கூடையோடு ஓர் அம்மாள் போனாள். அவர் மனைவியாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் பார்த்துவிட்டார். மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே ஜன்னல் பக்கம் வந்தார். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"எடம் குடுக்கறானுங்களா சார்?"

"குடுக்கறாங்க" என்றேன்.